பேர் எழுதிய பக்கம்

சைகோன்
3 ஜூலை 1955

மச்சான் இராமதாஸுக்கு,

நான் சுகம். நீயும் செல்வாம்பாள் அக்காவும் சுகமா? உன் தங்கச்சிக்கு இந்தக் கடிதத்தை அவசரப்படாமல் படித்துக் காட்டு. தன் பெயர் வரும் இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள். முகத்தைச் சுளிக்காமல் படி.

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. துறைமுகத்து அரிசிக் கிடங்கில் காவல் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா, காவல் என்பது பேச்சுக்குத்தான். ஆள் வராத நாளெல்லாம் மூட்டையும் தூக்க வேண்டும். அது கிடக்கட்டும். இப்போது ஒரு நல்ல சேதி. இங்கே ஒரு ஓட்டலில் சனிக்கிழமைதோறும் டான்ஸ் நடக்கிறது. ஐந்து பேர் கொண்ட பேண்டு. தலைவன் பெயர் மொரெல்லி, கோர்சிக்காக்காரன். அவனிடம் ட்ரம் அடிக்கிற ஆள் டிசம்பரில் பிரான்சுக்குப் போகிறான். புதுச்சேரி கிளப்பில் ஆறு வருஷம் அடித்தவன் என்று நான் சொன்னதும், உட்கார்ந்து காட்டு என்றான். உட்கார்ந்தேன். மானம் போயிற்று.

ஏன் என்று உனக்கே தெரியும். அவர்கள் செட்டில் சின்ன ட்ரம், பெரிய ட்ரம்மின் மேலேயே ஒரு இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது, இடது பக்கமாக. அதை வலது பக்கம் மாற்ற வழி இல்லை. மரத்தில் துளை போட்ட இடம் போட்டதுதான். உலகத்தில் இருக்கிற ட்ரம் எல்லாம் வலக்கைக்காரனுக்கென்றே பிறந்திருக்கிறது. நானோ பீச்சாங்கை. என் கை போகிற இடத்தில் ட்ரம் இல்லை. சாக்சபோன்காரன் வாய்விட்டுச் சிரித்தான். மொரெல்லி சிரிக்கவில்லை. "உனக்கு ஏற்ற செட்டோடு டிசம்பரில் வா, ஒரு சாயங்காலம் கேட்கிறேன்" என்றான்.

இடம் கிடைத்தால் நிரந்தரம். ஓட்டலின் பின்கட்டில் ஒரு அறையும் உண்டு. அறை இருந்தால்தான் ஜெயத்தை அழைத்துக்கொள்ள அனுமதிக் காகிதம் கொடுப்பார்கள். கிடங்கில் பதினொரு பேரோடு படுக்கிறவன் பெண்டாட்டியை எங்கே கொண்டுவந்து வைப்பது?

ஆகவே உன் வீட்டில் கிடக்கிற என் ட்ரம் இரண்டையும் சிம்பல் தட்டையும் கப்பலில் அனுப்ப வேண்டும். கிளப்பில் சின்ன ட்ரம் தனி முக்காலியில் நின்றது. கிளப்பை மூடிய அன்று முக்காலியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். இங்கே மேடை ஒரு கட்டில் அகலம்தான், முக்காலிக்கு இடமும் கிடையாது. நீ பெரிய ட்ரம்மின் மரத்தில் துளை போட்டு, இவர்களுடையது மாதிரி தாங்கி பொருத்திவிடு. வலது பக்கம் சின்ன ட்ரம்முக்கு, இடது பக்கம் சிம்பல் கம்பிக்கு. படம் போட்டு வைத்திருக்கிறேன். இங்கேயே போட்டுக்கொள்ளக் கூடாதா என்பாய். பழைய மரம், தெரியாதவன் கை வைத்தால் பிளந்துவிடும். உன் கையைத் தவிர இன்னொரு கையை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. புகழ்கிறேன் என்று குளிர்ந்துபோகாதே, எனக்கு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

காத்தவராயன்


முதலியார்பேட்டை, புதுச்சேரி
21 ஜூலை 1955

அன்புள்ள மாப்பிள்ளைக்கு இராமதாஸ் எழுதுவது.

கடிதம் வந்தது. ஜெயத்துக்கு மூன்று தடவை படித்தேன், தொண்டை கட்டிக்கொண்டது. அறை என்று வந்த இடத்தில் "ஜன்னல் இருக்குமாண்ணா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், எழுதிக் கேட்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

உன் பெரிய ட்ரம் எட்டு மாதமாக என் வீட்டில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. செல்வாம்பாள் அதன்மேல் முறத்தை வைத்துவிட்டாள் என்று அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. உன் பெண்டாட்டி அதைத் தினமும் துடைக்கிறாள். என் சைக்கிளை யாரும் துடைப்பதில்லை.

உன் பீச்சாங்கை எனக்கு வேலை வைப்பது இது முதல் தடவையா? பரிசம் போட்ட அன்று தாம்பூலத் தட்டை அந்தக் கையை நீட்டி வாங்கினாயே, அப்போதே எங்கப்பா எழுந்து போயிருப்பார். நான்தான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

படம் பார்த்தேன். பூசணிக்காய்க்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. நீ அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். எங்கள் மில்லில் இடக்கைத் தறியும் உண்டு, வலக்கைத் தறியும் உண்டு. தறியை ஓட்டுகிற பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பேர். பதினேழு வருஷமாகப் பிட்டராக இருக்கிறவனுக்கு இடது வலது சொல்லித்தர வேண்டியதில்லை. தாங்கியைப் பட்டறையில் மேஸ்திரி சாமிக்கண்ணுவின் கண்ணில் படாமல்தான் செய்ய வேண்டும், அதனால் கொஞ்சம் நாளாகும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூட்டை தூக்குகிறேன் என்கிறாய். கைப் பழக்கம் விட்டுப்போகவில்லையே?

இராமதாஸ்


சைகோன்
10 செப்டம்பர் 1955

மச்சானுக்கு,

டிசம்பர் 17, சனிக்கிழமை என்று மொரெல்லி தேதி சொல்லிவிட்டான். நவம்பர் முதல் வாரக் கப்பலைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. தாங்கியை நகை மாதிரி இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. பக்கம் மட்டும் மாறிவிடக் கூடாது. வலது பக்கம் சின்ன ட்ரம், அவ்வளவுதான்.

கைப் பழக்கத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். சாயங்காலத்தில் கிடங்குச் சுவரில் குச்சியால் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெயத்தை ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்து இரண்டு பிரதி அனுப்பு, காகிதத்துக்கு வேண்டும். சிரிக்க வேண்டாம் என்று சொல். சிரித்தால் ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அறைக்கு ஜன்னல் இருக்கிறது. சமையற்கட்டுப் பக்கம் திறக்கும்.

காத்தவராயன்


முதலியார்பேட்டை
2 நவம்பர் 1955

மாப்பிள்ளைக்கு,

வேலை முடிந்தது. நாளைக் காலையில் பெட்டி துறைமுகத்துக்குப் போகிறது.

துளை மொத்தம் ஆறு. ஒரு கீறல்கூட விழவில்லை. உள்பக்கம் பூவரசங்கட்டையை வளைவுக்குத் தக்கபடி செதுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கைத் துரப்பணத்தால் போட்டேன். ஜெயம் ட்ரம்மை முழங்கால் இரண்டுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்வாம்பாள் பிடிக்க வந்தாள், விடவில்லை. ஆறாவது துளை முடிந்ததும்தான் ஜெயம் மூச்சு விட்டது கேட்டது.

பக்கம் மாறக் கூடாது என்று எழுதியிருந்தாய். தறிக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். எங்கள் மில்லில் எந்த மிஷினானாலும் கம்பெனிப் பேர் பொறித்த பக்கம்தான் அதன் முகம், ஆள் நிற்பதும் அங்கேதான். உன் ட்ரம்மில் கிளப் பேர் எழுதிய தோலுக்கு நேர் எதிரே நின்றேன். வலக்கையை நீட்டினேன். கை போன இடத்தில் சாக்பீசால் குறி போட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை நின்று பார்த்த பிறகுதான் துரப்பணத்தைத் தொட்டேன். சின்ன ட்ரம்மை மாட்டிப் பார்த்தால் ஆடாமல் அசையாமல் உட்காருகிறது. மேஸ்திரியிடம் காட்டிப் பெருமைப்பட முடியவில்லையே என்பதுதான் குறை.

சுற்றிலும் கழிவுப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். போட்டோ இதனுள் இருக்கிறது. சிரிக்காதே என்றால் அழப்போகிறவள் மாதிரி இருக்கிறாள். வேறு எடுக்க நேரம் இல்லை. புடவை நான்கை மடித்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள், இப்போதே.

இராமதாஸ்


சைகோன்
19 டிசம்பர் 1955

திரு. இராமதாஸ் அவர்களுக்கு,

பெட்டி சனிக்கிழமை மத்தியானம்தான் கைக்கு வந்தது. திறந்தேன். உங்கள் வேலை நேர்த்தியாகத்தான் இருந்தது. எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

பேர் எழுதிய பக்கம் ஆடுகிறவர்கள் பார்ப்பதற்கு. அடிக்கிறவன் அதற்குப் பின்னால் உட்காருகிறான். அங்கே உட்கார்ந்தால் உங்கள் தாங்கி எனக்கு இடது பக்கம் வருகிறது. உலகத்தில் இருக்கிற வலக்கை ட்ரம்களோடு இன்னும் ஒன்றைச் செய்து, பஞ்சு வைத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறீர்கள். ஆறு வருஷம் கிளப் ஜன்னலுக்கு வெளியே நின்று நான் அடிப்பதைப் பார்த்தீர்களே, ஒரு நாளாவது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசித்ததுண்டா?

ஆறு மணிக்கு மொரெல்லி வரச் சொல்லியிருந்தான். ஒரு சீனத் தச்சனைப் பிடித்து வேறு துளை போடச் சொன்னேன். மூன்றாவது துளையில் மரம் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. இடம் போயிற்று. அறையும் போயிற்று.

இதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள். யாரால் போயிற்று என்று அவளுக்குத் தெரியட்டும்.

காத்தவராயன்


முதலியார்பேட்டை
6 ஜனவரி 1956

காத்தவராயனுக்கு,

"அவர்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். போட்டுக்கொள். எனக்கு அது தகும்.

தப்பு என்னுடையது. உன் படத்தைக் கேலி செய்தேனே தவிர, மூலையில் நாற்காலி மாதிரி ஒன்று வரைந்து உன் பேரை எழுதியிருந்ததைக் கவனிக்கவே இல்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். தெளிவாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாக இருந்ததற்காக அழுகை வந்தது.

நீ சொன்னபடி ஜெயத்துக்குப் படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. முடித்த பிறகு "நானே புடிச்சிக்கினு இருந்தனே" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். என் கையால் எதையும் வாங்குவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் நெஞ்சு அடைத்தே செத்துப்போவேன் போலிருக்கிறது. ஒரு வட்டப் பிஸ்கட் டின்னில் உன் ட்ரம்மில் போட்ட அதே இடத்தில் குறி போட்டுப் பார்த்தேன். டின்னை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பினால் குறி மறுபக்கம் வந்துவிடுகிறது. நீ பெரிய ட்ரம்மைத் திருப்பி வைத்திருந்தால் போதும். பேர் எழுதிய தோலைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டிவிட்டு, தாங்கிக் கம்பிகளை உருவித் திருப்பிச் செருக வேண்டும். ட்ரம்மின் கால் இரண்டும் உன் பக்கம் சாயும், அதற்கு ஒரு செங்கல். அரை மணி நேர வேலை. தச்சனே தேவையில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவசரத்தில் யாருக்கும் தோன்றாது. எனக்கே டின்னைத் திருப்பிய பிறகுதான் தோன்றியது. ஜெயத்திடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தப்பு முழுவதும் என்னுடையதாகவே இருக்கட்டும். பிளந்த மரத்துக்கு இரும்புப் பட்டை கட்டலாம், அளவு அனுப்பு, செய்து அனுப்புகிறேன். மொரெல்லியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்.

இராமதாஸ்


முதலியார்பேட்டை
9 செப்டம்பர் 1956

காத்தவராயனுக்கு,

நான்கு கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. இது ஐந்தாவது. ஜெயம் என் வீட்டை விட்டுப் போய்விட்டாள். சாரம் ஊரில் தனக்கொடி என்ற பூக்காரம்மா வீட்டில் ஒரு தடுப்பு அறையில் இருக்கிறாள். பெரிய மார்க்கெட்டுக்கு அந்த அம்மாளுக்காகப் பூக்கட்டிக் கொடுக்கிறாள். செல்வாம்பாள் போய்க் கூப்பிட்டதற்கு, "அவரு வந்து கூப்பிட்டாத்தான் எங்கியும் வருவேன்" என்றாளாம். மடித்து வைத்த நான்கு புடவையை அவள் இன்னும் உடுத்தவில்லை என்று தனக்கொடி சொன்னாள்.

ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுது.

இராமதாஸ்


சைகோன்
2 மார்ச் 1957

மச்சான்,

உன் கடிதம் எல்லாம் வந்தது. படித்தேன். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இதை ஜெயத்துக்குப் படிப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

சீனத் தச்சன் என்று யாரும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் உன்னைத் திட்டினேன், அது உண்மை. கால் மணி நேரத்துக்குள் எனக்கே தோன்றிவிட்டது. ட்ரம்மைத் திருப்பி வைத்தேன். தோலை மாற்றினேன். நீ எழுதிய அதே மாதிரி காலுக்கு முட்டுக் கொடுத்தேன், செங்கல் கிடைக்கவில்லை, விறகுக் கட்டை. சின்ன ட்ரம் என் கைக்கு நேராக வந்து நின்றது. மச்சான், உன் தாங்கி மாதிரி ஒரு தாங்கியை நான் பார்த்ததில்லை. மொரெல்லிகூடத் தட்டிப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டான்.

ஆறு மணிக்கு உட்கார்ந்து அடித்தேன். முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவதில் பின்தங்கினேன். மூன்றாவது வேகமான பாட்டு, நடுவில் குச்சி கையை விட்டுப் போயிற்று. எடுத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன், வரவில்லை. மணிக்கட்டு மரத்துப்போயிருக்கிறது. சுவரில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியது பொய். மூட்டை தூக்கிவிட்டு வந்தவனுக்குச் சோற்றைப் பிசையவே கை மடங்காது. மொரெல்லி தோளில் கை வைத்தான். "கை எந்தக் கை என்பதல்ல விஷயம்" என்றான். இந்தத் தடவை சாக்சபோன்காரனும் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து கிடங்கு வாசலில் ட்ரம்மை உதைத்தேன். அப்போதுதான் பிளந்தது.

எல்லாம் மூட்டை தூக்கியதால் என்றும் சொல்லிவிட முடியாது. கிளப்பில் ஆறு வருஷம் அடித்தேன், சரி. அங்கே வேறு ஆள் இல்லை, அதனால் அடித்தேன். இடக்கை என்று சொல்லிக்கொள்வது எனக்கு எப்போதும் சௌகரியமாக இருந்திருக்கிறது. இந்தத் தடவை நீ எல்லாவற்றையும் சரியாக வைத்துக் கொடுத்துவிட்டாய். சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அதனால் உன் தலையில் போட்டேன்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். மொரெல்லி போய்விட்டான், ஓட்டலில் டான்ஸ் நின்றுவிட்டது. நான் கிடங்கில்தான் இருக்கிறேன். ஊருக்கு வர முகம் இல்லை. அவளை இங்கே அழைக்க வழியும் இல்லை. இனி அந்த வழி வரப்போவதும் இல்லை.

காத்தவராயன்


முதலியார்பேட்டை
24 மார்ச் 1957

காத்தவராயனுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கோபம் இருக்கிறது. பதினைந்து மாதம் நான் ராத்தூக்கம் இல்லாமல் அந்த ஆறு துளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவள் என்னைத் தெருவில் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறாள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே சாரத்துக்கு ஓடினேன், அவளிடம் படித்துக் காட்ட.

தனக்கொடி வீட்டுக் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றாள். "நாந்தான்" என்றேன். கதவு திறக்கவில்லை. "சைகோன்லேர்ந்து காயிதம் வந்திருக்கு ஜெயம்" என்றேன். கதவு திறந்தது.

பூக்கட்டிய நார் விரலில் அப்படியே இருந்தது. இளைத்துவிட்டாள். ஆனால் முகம் விழுந்துபோகவில்லை. உட்காரச் சொல்லவில்லை. "வரச் சொல்லி எதனா எழுதியிருக்காரா?" என்று கேட்டாள்.

நான் தாளைப் பிரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். மாப்பிள்ளை, என்னால் முடியவில்லை. பிளந்த மரத்துக்குப் பட்டை கட்டக் கொடுத்திருப்பதாகப் படித்தேன். வேறொரு ஓட்டலில் ஆள் கேட்கிறார்கள் என்று படித்தேன். தினமும் சாயங்காலம் பழகுகிறாய் என்று படித்தேன். வாயில் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று தெரியவில்லை. நான் நிறுத்தியதும், "எம்பேரு எங்க வருது, காட்டு" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் நீ "மூட்டை" என்று எழுதியிருந்தாய். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு, "உன்ன மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்காரா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"நானும் மன்னிக்கல. போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி நடந்து வரும்போது யோசித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குத் தங்கை கிடைத்திருப்பாள். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? அண்ணன் செய்த தப்பால் வாய்ப்பை இழந்த, கைதேர்ந்த ஒரு ட்ரம்காரனுக்குப் பெண்டாட்டியாக இருக்கிறாள் அவள் இப்போது. அந்த ஆள் வருவான் என்று காலையில் எழுந்து முகம் கழுவிக்கொள்கிறாள். வராத ஒருவனைப் பற்றி நான் எப்படி அவளிடம் சொல்வேன்? என்னைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும். அதற்காவது அவளுக்குத் தெம்பு இருக்கிறது.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். செல்வாம்பாளுக்கும் தெரியாது. இந்த மாதிரிக் கடிதம் இனிமேல் எழுதாதே. வராதே, நீ வந்து நின்றால் அவள் காத்திருக்கிற அந்த ஆள் போய்விடுவான். வருகிறேன் என்றும் எழுதாதே. மாதத்துக்கு ஒன்று மட்டும் தவறாமல் போடு. என்ன எழுதுவது என்று நீ கஷ்டப்பட வேண்டாம். இரண்டு பக்கம் நிறைய எழுத்து இருந்தால் சரி, மூட்டை மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதினாலும் சரி. ஸ்டாம்பு சைகோன் ஸ்டாம்பாக இருக்க வேண்டும், அவள் அதைப் பார்ப்பாள். மீதியை நான் படித்துக்கொள்கிறேன்.

இராமதாஸ்